கடற்காகமும் கறிவேப்பிலைச் செடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தில் இருக்கும் என் மகள், தன் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் வந்து அமரும் ‘காமன் கல்’ என்ற கடற்காகத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அடையாறு முகத்துவாரத்தில் நான் பார்ப்பதும் அதே பறவைதானா? பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கேமராவும் 300 மி.மீ. வரை போகும் லென்ஸும் வாங்கியிருக்கிறேன். எங்கள் மாடி வீட்டில் சில தொட்டிச் செடிகளும், கீழே ஒரு வேப்பமரமும் மட்டுமே உண்டு. அணிலையும் காகத்தையும் எடுத்துக்கொண்டிருப்பதில் பயன் உண்டா, அல்லது பெரிய லென்ஸோடு காடுகளுக்குத்தான் போக வேண்டுமா?

கே., திருவான்மியூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

இரண்டும் வேறு இனங்கள். உங்கள் மகள் எடுத்த பறவை ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றின் வடபகுதிகளில் கூடு கட்டுவது; மஞ்சளும் பச்சையும் கலந்த கால்களும் கரிய கண்ணும் உடையது. புல்தரைகளில் மண்புழு தேடித் தின்னும் பழக்கம் இருப்பதால் அது அங்கே வீடுகளை ஒட்டியும் வருகிறது. சென்னைக்கு அது வருவது வழக்கமில்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகமாக இருக்கும். லடாக், திபெத் பகுதிகளின் உயரமான ஏரிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வரும் பறவை அது. பெயரில் பழுப்புத்தலை இருந்தாலும், இங்கே தங்கும் மாதங்களில் பெரும்பாலும் தலை வெண்மையாகவும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடும் இருக்கும். கருந்தலைக் கடற்காகமும் இதே கோலத்தில் கூட்டத்தில் கலந்திருக்கக்கூடும். வளர்ந்த பறவை பறக்கும்போது இறக்கை நுனியின் கறுப்புக்குள் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பழுப்புத்தலை. இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை ஓடினால் கருந்தலை. அமர்ந்திருக்கும்போது கண்ணைப் பாருங்கள்: முன்னதற்கு வெளிறிய விழி, பின்னதற்குக் கரிய விழி.

உங்கள் லென்ஸ் போதும். மணல்வெளியில் வெயில் ஏறியதும் சூடான காற்று நெளியத் தொடங்கிவிடும். அந்த நெளிவினூடே எத்தனை பெரிய லென்ஸால் எடுத்தாலும் இறகு துலங்காது. ஆகவே பொழுதைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். நம் கடல் கிழக்கே இருப்பதால், காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் பறவை இருட்டு உருவமாகவே விழும். காலையில் முகத்துவாரத்தின் கடலோரப் பக்கத்தில் நின்று, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே நீர்ப்பரப்பைப் பாருங்கள். மாலையில் பெசன்ட் நகர் மணலில் நின்று கடலைப் பாருங்கள். வெண்ணிறப் பறவைக்கு ஒரு சிக்கல் உண்டு. பின்னால் இருண்ட நீர் நிறைந்திருந்தால், கேமரா முழுக் காட்சியையும் வெளிச்சமாக்க முயன்று வெள்ளை இறகின் நுண்ணிய கோடுகளை அழித்துவிடும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வெளிறிய வானம் இருந்தால் அதைக் கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1600-இல் ஒரு பங்காவது இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் பனித்துவிடும்; பையைத் திறக்காமல் சிறிது நேரம் பால்கனியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காட்டுக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: முதலில் வீட்டைச் சுற்றி ஓர் ஆண்டு முழுக்க எடுங்கள். தொலைவில் உள்ள காட்டில் ஒரு விலங்கை நீங்கள் ஒரு பொழுதில் மட்டுமே பார்க்க முடியும். வீட்டருகே அதே உயிரை எல்லாப் பருவங்களிலும் தொடரலாம். பிப்ரவரியிலிருந்து முகத்துவாரத்துக்குப் பலமுறை போய்வருபவருக்கே, வெள்ளைத் தலைகளில் பழுப்பு திட்டுத்திட்டாகப் படர்ந்து, வடக்கே புறப்படும் முன் முழு முகமூடியாகும் மாற்றம் படத்தில் கிடைக்கும். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். காகத்தையும் அணிலையும் பற்றி எழுதும்போதும் அவருடைய கவனம் சற்றும் குறையவில்லை.

தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் இலைகளைத் தினமும் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, சிறியதாக இருக்கும்போது பறவையின் எச்சம் போலத் தோன்றும். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரை அத்தனை நிலைகளையும் ஒரே செடியில் எடுக்க முடிவது எவ்வளவு பெரிய வாய்ப்பு! தொந்தரவு செய்தால் அது தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நெடி வீசும். படத்துக்காக அதைக் குச்சியால் சீண்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேம்பு பழுக்கும் காலத்தில் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் உங்கள் பால்கனி உயரத்துக்கே வந்துவிடும். தையல்சிட்டு அருகில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டினால், கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். தெளிவான படத்துக்காக மறைப்பாக இருக்கும் இலையை ஒதுக்கினால், அடுத்து அந்தக் கூட்டைக் கண்டுகொள்வது காகம்தான்.

பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில், வீட்டு மாடியிலிருந்து பதினைந்து நிமிடம் பார்த்து எழுதும் பட்டியலையும், பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் சேர்க்கலாம். அடையாளத்தில் ஐயம் இருந்தால் படத்தையும் இணைக்கலாம். நாளும் இடமும் இல்லாத படத்தால் அங்கே பயன் மிகக் குறைவு என்பதால், கேமராவின் கடிகாரத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.