"தலைவலி மாத்திரை கொடுங்கள் மிஸ்ஸி": வேலைக்குப் போகும் அம்மாக்களின் கேள்விகள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாடாங் செராயிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. அரசாங்கக் கிளினிக்கில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சந்தையில் பார்த்தால் இன்னமும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'மனம் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வந்த அம்மாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைவலி, இடுப்புவலி, காற்று பிடித்துக்கொண்டது என்றுதான் வருவார்கள். அதனால் நான் முதலில் கேட்பது: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

கேள்வி: கூலிம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு. காலை 8 மணிக்குத் தொழிற்சாலை பஸ் இறக்கிவிடும். சமைத்து, துவைத்துப் படுக்க 11 ஆகிவிடுகிறது. 1 மணிக்குச் சின்னவன் பாலர் பள்ளியிலிருந்து வந்துவிடுவான். எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா மிஸ்ஸி?

இல்லை அம்மா. இரண்டு மணி நேரம் தூங்கினால் உங்கள் சூப்பர்வைசரும் அழுவார். வந்ததும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், முதலில் படுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விழித்துக்கொள்ளும், ஆகவே பஸ்ஸிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தகரக் கூரை வீடு நண்பகலுக்குப் பிறகு அடுப்பாகிவிடும் என்பதால் உங்களுக்கு நல்ல தூக்கம் 8.30 முதல் 12.30 வரைதான். மாலையில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் படுங்கள். கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதிகாலை 2 மணிக்கு மேல் தொடாதீர்கள். இப்படி மூன்று வாரம் தூங்கியும் அழுகை நிற்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். களைப்பாக இருக்கிறது என்றால் மாமியார், "நாங்கள் பால் வெட்டிக்கொண்டே எட்டுப் பிள்ளை வளர்த்தோம்" என்கிறார். என்னிடம்தான் குறையா?

மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். ரப்பர் மரத்தில் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தால் மதியத்தோடு பெரும்பாலும் வேலை முடிந்தது. அதுவரை கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். என் அம்மாவும் வெட்டுக்காரிதான். விடியற்காலை 5 மணிக்கு என்னைத் துணியில் சுற்றி ஆயா மடியில் போட்டுவிட்டு ஓடுவாராம். அந்த ஆயாவின் கையில் எப்போதும் கோடாலித் தைல வாசம் இருக்கும். அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டுக் குழம்பு நம் வீட்டுக்கு வரும், நம் பிள்ளை அடுத்த வீட்டில் உறங்கும். எட்டுப் பிள்ளைகளை வளர்த்தது ஓர் அம்மா இல்லை, இருபது வீடுகள்.

இப்போது பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் போய், குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. கேட்டைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியும் தனியாகச் சுமக்கிறாள். அந்தக் காலத்திலும் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். கொட்டகையில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால் எல்லாருக்கும் பரவிவிடும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். "உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது அவருக்கே புரியும். பிறகு வாரத்தில் இரண்டு மாலையாவது பேரனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். தலைவலி, படபடப்பு. இதுவும் மன உளைச்சல்தானா?

அவசரப்பட்டு மனத்தின் மேல் பழி போடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தடை. மற்ற மருந்துகளும் பால்பாயசம் இல்லை. டின்னில் உள்ள பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகைக்கும் சோதனை கேளுங்கள். உடுப்பை மாற்றிக் குளிக்காமல் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு இரண்டு மாதம். பத்தியம் முடிந்தும் மனம் தெளியவில்லை. குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை. வேலைக்கும் திரும்ப வேண்டும்.

இதைச் சொன்னதற்கே உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். இரண்டு மாதம் ஆகியும் நீடிப்பது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே தாதியிடம் சொல்லுங்கள். கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்பார்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. பேச ஆள் வேண்டுமென்றால் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

வேலை விஷயம்: 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். 60 நாள் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கிடைத்தே தீரும் என்றில்லை; மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: நான் வேலை செய்வது பினாங்கில். எனக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. பிள்ளைகளுக்குக் கெடாவில் வெள்ளி, சனி. ஒரே ஒரு நாள்தான் சேர்ந்திருக்கிறோம், அன்றும் சந்தை, துணி, வீடு.

சந்தையை ஞாயிற்றுக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை வீடு அழுக்காகவே கிடக்கட்டும்.

கேள்வி: கணவர் சம்சு குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். பொறுத்துப் போ என்கிறார்கள்.

பொறுக்காதீர்கள். 15999 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது 'தாலியான் காசே' எனும் அரசாங்க உதவித் தொலைபேசி. காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் அடித்ததைச் சொல்லுங்கள். இதற்கென்றே தனிச் சேவை உண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் ஓர் அப்பா. மனைவி எப்போதும் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

கேட்ட ஒரே ஆண் நீங்கள்தான். "உதவட்டுமா?" என்று கேட்பதை நிறுத்துங்கள், வேலையைச் சொல்லித் தருவதும் அவருக்கு ஒரு வேலை. பள்ளிச் சீருடையும் இரவுப் பாத்திரமும் இனி உங்களுடையவை. அவர் மதியம் படுத்திருக்கும்போது உப்பு எங்கே என்று எழுப்பாதீர்கள். அடுப்புக்கு மேல் தட்டில், சீனி டப்பாவுக்குப் பின்னால் பாருங்கள்.