"என்ன தருவ?"ன்னு கேக்கற நாலரை வயசு

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு நாலரை வயசு, எல்கேஜி படிக்கிறா. முன்னாடி அவளாவே உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருப்பா. வீட்டுப்பாடம் எழுத வைக்க பக்கத்துக்கு ஒரு சாக்லேட்னு ஆரம்பிச்சோம், இப்ப படம் வரையேன்னு சொன்னாகூட "என்ன தருவ"ங்கறா. சோறு ஊட்டணும்னா போன் வேணும். அவளுக்கு ஏதாவது பிரச்சனையா?

பதில்: பொண்ணுக்கு ஒரு பிரச்சனையும் இல்லம்மா, பயப்படாதீங்க. வேலை செஞ்சா கூலின்னு வீட்ல ஒரு கணக்கு ஓடுது, அதை அவ கரெக்டா புரிஞ்சிக்கிட்டா, அவ்வளவுதான்.

இதை 1973லயே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியோட நர்சரி ஸ்கூல்ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேர், ஏற்கனவே படம் வரையறதுல ஆசையா இருந்த சின்னப் பசங்களா பாத்து எடுத்து, சில பேருக்கு மட்டும் "நீ வரைஞ்சா ரிப்பன் வச்ச சர்டிபிகேட் தருவோம்"னு முன்னாடியே சொல்லி வரைய வச்சாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அதே ஸ்கெட்ச் பேனாவை சும்மா டேபிள் மேல போட்டு வச்சப்ப, அந்தப் பசங்க மத்தவங்களைவிட பாதி நேரம்தான் அதைத் தொட்டாங்க. சொல்லாம கடைசியில சர்டிபிகேட் வாங்குன பசங்களுக்கு அந்த மாதிரி ஆசை குறையல. அதனால கெடுக்கறது சாக்லேட் இல்ல, "இதைச் செஞ்சா அதைத் தர்றேன்"ங்கற பேச்சுதான், அதுவும் பிள்ளைக்கு தானாவே பிடிச்ச விஷயத்துல போய் அதைச் சொல்றது.

அதுக்காக பரிசே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பல் தேய்க்கறது, ஊசி போட்டுக்கறது, பாத்ரூம் பழக்கறது, இதுலெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் ஆசை கிடையாது, கெட்டுப் போறதுக்கும் ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளைக்கு ஒரு ஸ்டிக்கர் குடுங்க, பழகினதும் மெல்ல நிறுத்திடுங்க. திங்கற பொருள் மட்டும் வேணாம்.

படத்துக்கு இனிமே விலை பேசாதீங்க. பேப்பரும் கிரேயானும் அவ கைக்கு எட்ற எடத்துல வச்சிட்டு, வரையின்னு சொல்லவே சொல்லாதீங்க, நீங்க பாட்டுக்கு பக்கத்துல உக்காந்து ஏதாவது கிறுக்குங்க. அவ வந்து காட்டுனா உடனே "சூப்பர்டா"ன்னு முடிச்சிடாம "யானை ஏன் நீலமா இருக்கு, எங்க போகுது?"ன்னு கேளுங்க, கதை கதையா சொல்லுவா. முதல்ல கொஞ்ச நாள் "அப்போ சாக்லேட்?"னு அழுவா, அடம் புடிப்பா, திட்டாம விட்டுடுங்க, ஆனா ஒரு நாள் குடுத்து ஒரு நாள் குடுக்காம இருந்தீங்கன்னா அடம் இன்னும் கூடும், தாத்தா பாட்டிகிட்டயும் இதைச் சொல்லி வச்சிடுங்க.

வீட்டுப்பாடம் பத்தி எனக்கு மனசுல பட்டதைச் சொல்லிடறேன், நாலரை வயசுல பக்கம் பக்கமா எழுதறதுக்கு அந்த விரல்ல பலமே இருக்காது, கை வலிக்குதுன்னு அவ சொன்னா அது சாக்கு இல்ல. மிஸ்கிட்ட பேசி குறைக்கச் சொல்லுங்க. சப்பாத்தி மாவை உருட்ட விடுங்க, கோலமாவுல கிறுக்க விடுங்க, எழுதறதுக்கு வேண்டிய பலம் அதுலயே வந்துடும். அதையும் மீறி எழுத வேண்டியிருந்தா "முதல்ல அ எழுதறியா, ஆ எழுதறியா?"ன்னு அவளையே எடுக்க விடுங்க.

போனை சாப்பாட்டு நேரத்துல முழுசா நிறுத்திடுங்க. 3, 4 வயசு பிள்ளைக்கு மொத்தமே ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல ஸ்க்ரீன் வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. வீடியோ பாத்துட்டே வாயைத் திறக்கற பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சது தெரியறதில்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, தட்டுல கொஞ்சமா வச்சு அவ கையால சாப்பிட விடுங்க, சிந்துனா சிந்தட்டும், அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க. ரெண்டு நாள் குறைச்சு சாப்பிடறதால ஒண்ணும் ஆகாது, ஆனா எடை குறையுதுன்னா, இல்ல கொஞ்ச மாசமா ஏறாம அப்படியே நிக்குதுன்னா, தடுப்பூசி அட்டையில இருக்கற பழைய எடையெல்லாம் எடுத்துக்கிட்டு உங்க குழந்தை டாக்டரைப் போய் பாருங்க.