28 நாள் மாத்திரையும் தயிர் சாதமும்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். காப்பகத்திலிருந்து ஒரு பெண் நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். 14 கிலோ. உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் 38 ஆயிரம் இருந்தது, பத்தாம் நாள் 1.4 லட்சம் ஆகிவிட்டது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்றரை மாத்திரை, 28 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கூடவே இரும்புச்சத்து டானிக். நாங்களாகப் பப்பாளி இலைச் சாறும் தருகிறோம். இப்போது நன்றாக ஓடுகிறது, மாத்திரையை நிறுத்தலாமா? சில நாள் மாத்திரை போட்டதும் வாந்தி எடுக்கிறது. எங்கள் சொந்த நாய்க்குத் தொற்றுமா? ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்தில் கொஞ்ச நாள் விட்டால் குளிர்ச்சிக்குத் தேறுமா?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

நிறுத்தாதீர்கள். இந்த உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா, வெள்ளணுக்களுக்கு உள்ளேயே குடியிருக்கும் கிருமி. மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், வால் ஆடும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் கிருமி சத்தமில்லாமல் மாதக்கணக்கில் தங்கி, சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும். அந்த நிலைக்குப் போன நாயை மீட்பது மிகக் கடினம். ஒன்றரை மாத்திரை என்பது கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம், சரியான அளவுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. நம் வீடுகளில் நாய்க்குத் தயிர் சாதம் வழக்கம், மாத்திரையை அதற்குள் புதைப்பதும் வழக்கம். பால், தயிரில் உள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரும் மருந்து குறையும். இரும்பு இன்னும் மோசம். மாத்திரையையும் டானிக்கையும் ஒரே வேளையில் கொடுத்தால் இரண்டும் வீண். காலையில் மாத்திரை, இரவில் டானிக் என்று பிரித்துவிடுங்கள். தயிர் சாதத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வாந்தி வெறும் வயிற்றில் கொடுப்பதால் வருவதாக இருக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும் பாதி வயிற்றுக்குப் போட்டுவிட்டு, மாத்திரையை ஒரு கறித்துண்டில் வைத்துக் கொடுங்கள். மீதியைக் கோழி வெந்த சாறோடு பின்னால் வையுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாகும். விழுங்கிய சில நிமிடங்களில் மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டால் அந்த வேளையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் வாந்தி என்றால் ஒரே வேளையை இரண்டாகப் பிரிக்கவும் அவர் சொல்லக்கூடும்.

பப்பாளிச் சாறு கிருமியைக் கொல்லாது. கசப்பில் நாய் சாப்பாட்டையே வெறுத்தால் நஷ்டம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பிளேட்லெட் முழுதாக ஏறும்வரை வயிற்றுத் தோலையும் ஈறையும் தினமும் பாருங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால் ஒரு கண்ணாடித் துண்டை மேலே வைத்து அழுத்துங்கள். வெளுத்தால் சாதாரணத் தடிப்பு, வெளுக்காவிட்டால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. அதுவோ, மூக்கில் ரத்தமோ, கறுப்பு மலமோ கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், நம் காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த ஒட்டுண்ணியான பபீசியாவும் சேர்ந்திருக்கலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது, ரத்தப் பூச்சு (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்க வேண்டும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சொந்த நாய்க்கு நக்குவதாலோ ஒரே தட்டில் தின்பதாலோ தொற்றாது. உண்ணி வழியாகத் தொற்றும். நோயுள்ள நாயிடம் ரத்தம் குடித்த குஞ்சு உண்ணி கீழே விழுந்து, தோலுரித்து, அடுத்த பருவத்தில் இன்னொரு நாயைக் கடிக்கும்போது கிருமியை ஏற்றிவிடும். அதனால் இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் உண்ணி மாத்திரை கொடுக்க வேண்டும். ஃப்ளூராலனர் என்றால் ஏறக்குறைய 12 வாரம் தாங்கும். வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதுவும் வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

பாதி வேலை சுவரில் இருக்கிறது. பழுப்பு உண்ணி கீழே விழுந்தபின் மேல்நோக்கி ஏறும். இரவில் டார்ச் அடித்துச் சுவரும் கூரையும் சேரும் மூலை, கதவு நிலை, சுவிட்ச் பலகை ஓரம், காலண்டருக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஆமணக்குக் கொட்டை போல உப்பியிருப்பது பெண். ஒன்றே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரலால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி எடுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். பிறகு விரிசல்களைச் சுவர்ப் பட்டி (putty) பூசி அடைத்துவிடுங்கள், வீட்டுக்காரரும் மறுக்கமாட்டார். நாயின் துணிகளை வெந்நீரில் துவையுங்கள். முட்டைகள் பிறகும் பொரியும் என்பதால் இரண்டு மூன்று மாதம் வாராவாரம் இதைச் செய்ய வேண்டும்.

ஏற்காடு வேண்டாம். குளிர் கிருமியைக் கொல்லாது. தேறிவரும் நாயை 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றினால் வாந்திதான் மிச்சம். அதோடு உங்கள் வீட்டு உண்ணியும் தோட்டத்து நாய்களிடம் போய்ச் சேரும்.

28 நாள் முடிந்ததும் முழு ரத்த எண்ணிக்கை பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும். ஆன்டிபாடி கிட் சோதனை குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். காப்பகத்தார் கருத்தடைக்குத் தேதி கேட்பார்கள். பிளேட்லெட் 2 லட்சம் தாண்டி நிலைத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவர் சரி சொன்ன பிறகே அனுப்புங்கள். தடுப்பூசியையும் எப்போது போடுவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.