எந்தத் தலைப்பில் செலவு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை மாநகராட்சி பட்ஜெட் கூட்டத்தைச் செய்தியில் பார்த்தேன். பள்ளிக்கூடங்களுக்கு இத்தனை கோடி, கட்டடங்களுக்கு இத்தனை கோடி என்று வாசித்தார்கள். என் பையன் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஆறாவது படிக்கிறான். அந்தக் கோடிகளில் அவன் பள்ளிக்கு எவ்வளவு, அது வந்து சேர்ந்ததா இல்லையா என்பதை என்னைப் போன்ற ஆள் எப்படித் தெரிந்துகொள்வது? கவுன்சிலரிடம் கேட்டால் "பார்த்துக்கலாம்" என்கிறார். நீங்கள் கதை எழுதுகிறவர், உங்களிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கதை எழுதுகிறவனும் சொத்து வரி கட்டுகிறான். அதற்குள் கல்வி வரியும் இருக்கிறது. அதனால் தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட தொகைகள் இருக்கும். வரப்போகும் ஆண்டுக்கான மதிப்பீடு ஒன்று. நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு இன்னொன்று. முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது மற்றொன்று. செய்தியில் வருவது முதலாவது மட்டும்தான். போன வருடம் பத்து ரூபாய் என்று அறிவித்துவிட்டு, இந்த வருடத்துப் புத்தகத்தில் அதைத் திருத்தி நான்கு ரூபாய் என்று போட்டிருந்தால், பாக்கி ஆறு ரூபாய் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்கவில்லை என்று அர்த்தம். மேயர் உரையைவிட எனக்குச் சுவாரசியமான வாசிப்பு இந்தப் பழைய தொகைகள்தான்.

அடுத்தது தலைப்பு, அதாவது ஒரு செலவை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது. புதுக் கட்டடம் மூலதனச் செலவு. கூரை ஓடு மாற்றுவது, குழாய் சரிசெய்வது, கழிப்பறை கழுவ ஆள் போடுவது எல்லாம் பெரும்பாலும் வருவாய்ச் செலவு, அதாவது அன்றாட நடப்புச் செலவு. வெளியிலிருந்து வரும் கடனும் மானியமும் முதல் வகைக்குத்தான் எளிதில் கிடைக்கும். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு நடந்த சிட்டீஸ் (CITIIS) என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் சென்னையின் 28 பள்ளிகளுக்குச் சுமார் 95 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மாநகராட்சியிடம் இருப்பது நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள். மீதிப் பள்ளிகளின் தாழ்ப்பாளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எந்த வெளிநாட்டு முகமையும் வராது.

நான் படித்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மூன்று திறப்புவிழாக் கல்வெட்டுகள் இருந்தன. மழை பெய்தால் பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருப்போம். கூரையை யார் எப்போது பழுதுபார்த்தார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

தலைப்பு என்பது வெறும் கணக்குப்பிள்ளை சமாசாரம் இல்லை. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, இதே மாநகராட்சி மன்றம் ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள், சேர்க்கையும் கூடியது. அப்புறம் என்ன ஆனது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்வதை அரசாங்கம் ஏற்கவில்லை. 1925 ஏப்ரலில் நின்றுபோனது. பிள்ளைகளுக்குப் பசி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தலைப்பு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பையன் பள்ளி பழைய சென்னைக்குள் இருக்கிறதா, 2011-இல் சேர்த்த பகுதியிலா என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். அந்த ஆண்டு நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. தெருவும் குப்பையும் உடனே மாநகராட்சிக்கு வந்தன. அங்கிருந்த 139 அரசுப் பள்ளிகள் வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. மாநகராட்சி எல்லைக்குள் இருந்துகொண்டே மாநகராட்சிப் பள்ளியாக இல்லாமல் இருந்த பள்ளிகள் அவை. உங்களுடையது அதில் ஒன்று என்றால், கட்டடம் எப்போது கைமாறியது, மாறும்போது அதன் நிலையை யாராவது எழுதிவைத்தார்களா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

சரி, யாரிடம் கேட்பது? 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை, அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படை என்று சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியரிடம் போய் அந்தத் திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "கழிப்பறை சீரமைப்பு" என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. எத்தனை கழிப்பறை, எத்தனை பிள்ளைகள், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இருக்க வேண்டும்.

அந்தத் தாளோடு மறுபடி கவுன்சிலரிடம் போங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, "பார்த்துக்கலாம்" என்று சொல்லவும் ஆள் இல்லை. இப்போது இருக்கிறார். மாமன்றக் கூட்டத்தில் அவருக்குக் கேள்வி நேரம் இருக்கிறது. "பள்ளிகளுக்கு நிதி கொடுங்கள்" என்று அவர் பேசினால் கொடுத்தாயிற்று என்று பதில் வரும். இந்தப் பள்ளியின் பராமரிப்புக்குப் போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அவர் கேட்க வேண்டும். நீங்களே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், சின்னத் தாள் போதும்.

பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.