நூறு எண்ணியே ஆகவேண்டுமா?

கேள்வி: வயது 46. மும்பை செம்பூரில் மூன்றாம் மாடி. ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரு மாதம் தினமும் கெட்டில்பெல்லில் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) நூறு ஸ்விங், அதாவது கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசுவது, என்று பந்தயம் கட்டினோம். ஒரு நாள் விட்டால் கணக்கு ஒன்றிலிருந்து. ஆறாம் நாளே கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடி ஆபீஸ் போவதற்குள் உயிர் போகிறது. குண்டு 16 கிலோ. விட்டுவிடவா, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கவா? பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கவேண்டும் நீங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் அந்த நேரத்துக்கு ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் குண்டைத் தொடாதீர்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அதையும் அவரிடம் சொல்லுங்கள். வலி போகும்வரை பந்தயத்துக்கு லீவு.

போன ஜூலையில் நானும் இதே கூத்தை அடித்தேன். மாட்டுங்காவில் விடாத மழை, ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கப் போகமுடியவில்லை. 8 கிலோ குண்டு ஒன்று வாங்கினேன். கீழ்வீட்டு மராத்திக்காரக் காக்கு சத்தம் கேட்டு மேலே வந்துவிடக்கூடாதே என்று பழைய ரஜாயை (பஞ்சுப் போர்வை) நாலாக மடித்து முன்னால் போட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நாள் முதுகு சொல்லிவிட்டது. கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி கையால் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

கை வெறும் ஊஞ்சல் சங்கிலி. உந்துவது இடுப்பு. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான் ஸ்விங். குண்டில்லாமல் பழகுங்கள்: சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, முதுகை வளைக்காமல், முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, பின்பக்கத்தால் சுவரைத் தொடவேண்டும். இது உட்கார்ந்து எழுந்திருப்பதல்ல. நிமிரும்போது மூச்சை விடுங்கள். குண்டு நெஞ்சு உயரம் வந்தால் போதும். தோள் வலித்தால் கையால் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது வினை அந்த நூறு. எனக்கு எழுபதுக்கு மேல் வந்ததெல்லாம் நூறைத் தொடுவதற்காகவே வந்தவை, ஒன்றுகூட உருப்படியில்லை. பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் மூச்சு சீராகும்வரை நின்றேன். வியர்த்த கையில் பிடி வழுக்கும், துண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். உடம்பு ஒத்துழைக்காத நாளில் குண்டை ஒரு கையில் தொங்கவிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அதையும் அன்றைய கணக்கில்தான் எழுதினேன். ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் விதி உங்கள் ஆபீஸ்காரர்கள் போட்டது, முதுகெலும்பு போட்டதல்ல.

எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டிக் கட்டிலின் பலகையைத் தூக்கி ரஜாயை உள்ளே வைக்க இப்போது மகனைக் கூப்பிடுவதில்லை.

கேள்வி: கெட்டில்பெல் எடை அதென்ன 16, 24, 32 கிலோ? 10, 20 என்று இருக்கக்கூடாதா?
– கல்லூரி மாணவர், தாராவி

பதில்: இது ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுத்த படிக்கல், தம்பி. அங்கே கிர்யா என்பார்கள். பழைய ரஷ்ய எடை ‘பூத்’ ஏறக்குறைய 16.38 கிலோ. ஒன்று, ஒன்றரை, இரண்டு பூத் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தை ஆட்கள் பலம் காட்டத் தூக்கியதை 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உடற்பயிற்சி வட்டம் தொடங்கிய டாக்டர் கிராயெவ்ஸ்கி போன்றவர்கள் முறையான பயிற்சியாக்கினார்கள். இப்போது கடையில் 8, 12 எல்லாம் கிடைக்கிறது. நம்மூர் கர்லாக்கட்டை சுற்றிய தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் முதலில் அவரிடம் நிற்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் 12ஐ வாங்குங்கள்.