விழுந்தாலும் கைக்கு எட்டும் பொத்தான்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் 78 வயது அம்மா தனியாக இருக்கிறார். கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புக் கருவி வாங்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது 2ஜி கருவியா, 4ஜி கருவியா என்று முதலில் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி கருவியில் அந்த சிம்மைப் போட்டால் பொத்தானை அழுத்தினாலும் அழைப்பு போகாது. சிம்மில் ரகசிய எண் கேட்கும் பின் (PIN) லாக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். முதல் எண்ணாக உங்களுடையதைப் பதிய வேண்டாம், பக்கத்து வீட்டார் எண்ணைப் பதியுங்கள். நீங்கள் பஸ் பிடித்து வருவதற்குள், மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து 108-ஐ அழைத்திருப்பார்.

எனக்குப் பெரிய கவலை குளியலறைதான். குளிக்கும்போது கழுத்துக் கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அங்கே, தண்ணீர் புகாத வயர்லெஸ் காலிங்பெல் பொத்தானைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்கள். விழுந்து கிடந்தாலும் கை எட்டும். மணி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பிளக்கில் செருகும் மணி கரண்ட் போனால் அடிக்காது, பேட்டரியில் ஓடுவதே நல்லது. பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருந்தாலும் இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் அது வெகுவாகக் குறையும். கதவைச் சாத்திவிட்டு அழுத்திப் பாருங்கள்.

கடற்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், விழுந்தவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுங்கள். உள்தாழ்ப்பாளையும் இன்றே கழற்றிவிடச் சொல்லுங்கள்.