கண் மூடினால் ஏன் தள்ளாட்டம்? புலன்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 70 வயது, நீரிழிவும் இருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறா. காதில் கோளாறோ? (கொட்டாஞ்சேனை)

முதலில் பாதத்தைக் கவனியுங்கள். நிமிர்ந்து நிற்க மூளை மூன்று இடங்களில் இருந்து செய்தி எடுக்கிறது: கண், உட்காதின் சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டுகளும். எது தெளிவாக இருக்கிறதோ அதையே கூடுதலாக நம்பும். நீரிழிவு பாத நரம்புகளைப் பழுதாக்கினால் அந்தச் சுமையைக் கண் தாங்கும். கண்ணை மூடியதும் தாங்க ஆள் இல்லை. அறையே சுழல்வது போல இருந்தால் காதையும் சந்தேகிக்க வேண்டும். கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையாலும், தட்டினால் அதிரும் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையாலும் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதுவரை அவ கதிரையில் இருந்தபடியே முகம் கழுவட்டும். சுவரில் இறுக்கிய கைபிடி தேவை. துவாய்க் கம்பி ஆள் பாரம் தாங்காது. மெத்தென்ற செருப்பு பாதத்தின் செய்தியை இன்னும் மங்கச் செய்யும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன பல்ப் எரியட்டும். கரண்ட் போனால் எடுக்கக் கட்டிலருகே டோர்ச்சும் இருக்கட்டும்.

கண்ணாடி போட்டால் அப்பாவுக்குப் பேச்சு நன்றாகக் கேட்கிறதாம். பிரமையா? (வெள்ளவத்தை)

இல்லை, உண்மைதான். இரைச்சலில் உதட்டைப் பார்த்தால் பேச்சு கூடுதலாக விளங்கும் என்பது 1954 இலேயே அளந்து காட்டப்பட்டது. ‘மாடு’, ‘நாடு’ இரண்டும் இரைச்சலில் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ‘மா’வுக்கு உதடு மூடும், ‘நா’வுக்கு மூடாது. ‘பா’வையும் ‘மா’வையும் உதட்டால் பிரிக்க முடியாது, அங்கே காதுதான் கைகொடுக்கும். காலி வீதிப் பக்க யன்னலைச் சாத்திவிட்டு, ஒன்றிரண்டு மீற்றருக்குள், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ இருந்து கதையுங்கள். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் உங்கள் முகம் இருண்டுவிடும். செவிப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும்.

நுவரெலியா பஸ்ஸில் ஃபோன் பார்த்தால் மகளுக்குச் சத்தி வருகிறது.

வளைவுகளில் உட்காது ‘அசைகிறோம்’ என்கிறது, திரையில் நிலைத்த கண் ‘இல்லை’ என்கிறது. முன் சீற்றில் இருத்தி, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்திக்கான மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், வெளிக்கிட முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் பலன் குறைவு.

புளூடூத் ஸ்பீக்கரில் டிவி பார்த்தால் வாயசைவும் சத்தமும் பொருந்துவதில்லை. (பம்பலப்பிட்டி)

சத்தம் பிந்துகிறது. ஓரளவு பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும். காலிமுகத்திடலில் 34 மீற்றருக்கு அப்பால் பந்தடித்தால் சத்தம் 100 மில்லிசெக்கன் பிந்தியே வரும், யாரும் கவனிப்பதில்லை. ஒளிபரப்புக்கான சர்வதேச அளவீட்டின்படி, சத்தம் சுமார் 125 மில்லிசெக்கன் பிந்தினால்தான் தெரியவரும். முந்தினாலோ 45 இலேயே தெரிந்துவிடும். டிவியில் உள்ள ‘ஓடியோ டிலே’ பெரும்பாலும் சத்தத்தை மேலும் பிந்தவைக்கவே உதவும், ஆகவே அதைப் பூச்சியத்தில் விடுங்கள். ஸ்பீக்கரில் வயர் துவாரம் இருந்தால் வயரில் இணைத்துவிடுங்கள்.